சல்லடை அடுப்பும் அரை மில்லிமீட்டரும்

அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்று, "இயந்திரவியல் பேராசிரியையைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் காவலாளி தலையைச் சொறிவார். "அடுப்பம்மா" என்று கேட்டால் எழுந்து வந்து வழி காட்டுவார். நேராகப் போய், சைக்கிள் ஷெட்டைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத ஒரு கான்கிரீட் கட்டடம் வரும். கதவில் ஒரு துடைப்பம் தொங்கும். அதுதான்.

பெயரை வைத்துக்கொண்டு அவர் பிரமாதமாகச் சமைப்பார் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தீயின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்த பிறகு, பர்னரின் எந்தப் பக்கம் முதலில் அணைந்தது என்று குனிந்து ஆராய்வார். வீட்டில் சமையல் முழுக்கக் கணவர் பொறுப்பு. கணவர் பல் டாக்டர். "என் கையில இருக்கற குட்டி டர்பைன் நிமிஷத்துக்கு மூணு லட்சம் சுத்து சுத்துது. உன்னோடது வெறும் பதினஞ்சாயிரமா?" என்று சாப்பாட்டு மேஜையில் சீண்டுவார். பல்லைக் குடையும் கருவிக்குள் காற்றில் சுழலும் ஒரு பொடிச் சக்கரம் இருப்பது உண்மைதான். அதனால் அடுப்பம்மாவுக்கு வாயைத் திறக்க வழியில்லை. முறைப்பார், அவ்வளவுதான்.

அவருடைய அடுப்பு வேறு. விமானத்தின் இறக்கைக்குக் கீழே உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த கேஸ் டர்பைனுக்குள் காற்றை அழுத்தி, எரிபொருளைக் கலந்து எரிக்கிறார்கள். அந்தச் சூடான காற்று சீறிப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த எரிகிற இடம்தான் அவர் உலகம். இவ்வளவு நாளும் அங்கே எண்ணெயும் வாயுவும் எரிந்து புகை கக்கின. அதற்குப் பதிலாக ஹைட்ரஜனை எரித்தால் கரும்புகையும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை, வெளியே வருவது பெரும்பாலும் நீராவிதான். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஹைட்ரஜனோடு குடித்தனம் நடத்தினவர்களைக் கேட்டுப் பாருங்கள். படு வேகமாக எரியும் பேர்வழி அது. போதிய வேகத்தோடு தள்ளாவிட்டால், தீ முன்னால் எரியாமல் வந்த வழியே திரும்பி பர்னருக்குள்ளேயே புகுந்துவிடும். அதற்கு ஃபிளாஷ்பேக் என்று பெயர். சினிமாவில் ஃபிளாஷ்பேக் வந்தால் கதாநாயகன் அழுவான். இங்கே வந்தால் பர்னர் உருகி ஓடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ரஜன் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழாயில் எங்காவது கசிந்து பற்றிக்கொண்டாலும், எதிரே நிற்பவருக்குச் சுத்தமான காற்று மாதிரிதான் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகள் எல்லாம் சுவரில் இருக்கின்றன. ஆனாலும் அடுப்பம்மாவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். ஹைட்ரஜனைத் திறந்துவிட்ட பிறகு, ஒருவர் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு குழாயோரமாக நடக்க வேண்டும். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் ஒருமுறை அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அந்த அம்மாள் வாங்கிய திட்டு கட்டடம் முழுக்கக் கேட்டது. மறுநாளே அடுப்பம்மா அவருக்குப் புதுத் துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சின்ன வயதில் வானத்து விமானத்தைப் பார்த்து அவர் கனவு கண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. அவர் அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி, அப்பா லாரி ஆபீஸில் சரக்குக் குறிப்பவர். கல்லூரியில் சேரப் போன அன்று, எந்தப் பிரிவுக்கு வரிசை குட்டையாக இருந்ததோ அதில் போய் நின்றார். நிற்கப் பொறுமை இல்லை, அதுதான் காரணம். அந்தப் பொறுமையின்மை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

இரண்டாம் வருடம், கல்லூரி நடைபாதையில் பாதியாக அறுத்து வைத்திருந்த ஒரு பழைய எஞ்சினில் அவர் பை வார் மாட்டிக்கொண்டது. மழை நாளில் எல்லோரும் குடையை மாட்டி வைக்கும் எஞ்சின் அது. வாரை விடுவிக்கக் குனிந்தபோது உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு தகர டப்பா தெரிந்தது. இதற்குள்ளேதான் தீ எரியும், அந்தச் சூட்டில் எந்தத் தகரமும் உருகிவிடும் என்று பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதம் சொன்னது. அப்படியானால் டப்பா ஏன் உருகவில்லை? அந்த ஓட்டைகள் வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்து, தகரத்துக்கும் தீக்கும் நடுவில் திரை போல ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் பித்துப் பிடித்துவிட்டது. முப்பது வருடமாகியும் இறங்கவில்லை.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அதே மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவன் நெட்டை. ஆறடி மூன்று அங்குலம். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவான். இப்போது அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, 'அவர்' என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் அடுப்பம்மா வாயில் அவன் என்றைக்கும் அவன்தான், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். எப்போது பார்த்தாலும் தீயைப் பற்றியே பேசுகிறாள் என்று 'அடுப்பு' என்று முதலில் கூப்பிட்டவன் அவன். பின்னால் வந்த மாணவர்கள் மரியாதைக்கு ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் வரைவான், அவர் அளப்பார். இருவரும் ஒரே கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தார்கள். கை நீளம் என்பதால் துடைப்பத்தோடு நடக்கும் வேலை எப்போதும் நெட்டைக்குத்தான். அடுப்பம்மாவின் மகள் குழந்தையாக இருந்தபோது அவன் தோளில் ஏறி வீட்டுக் கூரையைத் தொடுவாள். 'நெட்டை மாமா' வராத ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

நெட்டையின் மூளையில் பிறந்ததுதான் சல்லடை. பெரிய ஒற்றைத் தீயாக எரித்தால்தானே அது பின்னால் பாய்கிறது? ஒரு உலோகத் தட்டில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நூற்றுக்கணக்கில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொடித் தீயை வேகமாகத் தள்ளினால்? சுத்த ஹைட்ரஜனையே எரிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். மூன்று வருடம் ராப்பகல் பாராமல் உழைத்துத் தட்டைச் செய்து முடித்தான்.

சோதனை நாள் வந்தது. கூடத்து ஃபிட்டர் அன்று லீவு. மனைவிக்குப் பிரசவம். ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. ஃபிட்டர் வரும்வரை காத்திருக்க அடுப்பம்மாவுக்குப் பொறுமை ஏது? குழாய்க்கும் தட்டுக்கும் நடுவில் கசிவு வராமல் இருக்க வைக்கிற வளையத்தை, அதாவது கேஸ்கெட்டை, தானே வைத்து போல்ட்டையும் முடுக்கினார். இயற்கை வாயுவோடு ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். அறுபது சதவீதத்தில் டப்பென்று ஒரு சத்தம். தீ உள்ளே புகுந்துவிட்டது. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் அதே அறுபது.

"ஒரு தடவ கழட்டிப் பாத்துடலாம் அடுப்பு," என்றான் நெட்டை.

"எதுக்கு? வெச்சது நான். என் கை வெச்சது தப்பா இருக்காது."

அறுபதைத் தாண்ட இந்த வடிவத்தால் முடியாது என்று அடுப்பம்மா கட்டுரை எழுதினார். நெட்டை தன் பெயரை அதில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கட்டுரை அமோகமாக எடுபட்டது. சல்லடைப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று உலகத்துக்கே வழி மறித்த பெருமை அவருக்கு. அவரை மேடைக்கு மேடை கூப்பிட்டார்கள். நெட்டையின் திட்டத்தை நிறுத்தினார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் ஒரு பாய்லர் கம்பெனியில் ஆய்வாளராகப் போய்ச் சேர்ந்தான். சண்டை என்று ஒன்றும் போடவில்லை. பேச்சுதான் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கொஞ்ச நாள் வாசலைப் பார்த்தாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

பதினொரு வருடம் ஓடியது. அடுப்பம்மா பேராசிரியை ஆனார். காற்றைச் சுழலவிட்டு எரிக்கும் தன் சொந்த பர்னர் ஒன்றைக் கட்டி மாரடித்தார். தலைகீழாக நின்றும் அது எழுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒரு நாள் துறைத் தலைவர் கூப்பிட்டு, மேலிடம் அந்தக் கட்டடத்தை பேட்டரி ஆராய்ச்சிக்குக் கேட்கிறது என்றார். ஆறு வாரத்தில் ஒரு குழு வரும். சுத்த ஹைட்ரஜனில் அரை மணி நேரம் பர்னரை ஓட்டிக் காட்டினால் கூடம் பிழைக்கும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"ஆறு வருஷம் குடுத்தாலும் இது எழுபதுதான்," என்று அடுப்பம்மா கணவரிடம் புலம்பினார். கணவர் அன்று டர்பைன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

காலி செய்யத்தான் போகிறோம் என்று ஃபிட்டர் தன் சுவரை இறக்க ஆரம்பித்தார். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழற்றிய கேஸ்கெட்டைக் குப்பையில் போடுவது ஊர் வழக்கம். இந்த ஃபிட்டர் போட மாட்டார். ஒவ்வொரு வளையத்திலும் சோதனை எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டுமே மேடம், சோறா கேக்குது?" என்பார். இருபது வருடத்துச் சோதனைகள் அந்தச் சுவரில் வரிசை வரிசையாகத் தொங்கின. ஆணி ஆணியாக எடுத்து வருடவாரியாகத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"மேடம், இதுல பாருங்க, உங்க கையெழுத்து!"

ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்த அடுப்பம்மா நிமிர்ந்தார். "நான் எப்ப அட்டை எழுதினேன்?"

"அன்னைக்கு நான் லீவு. என் பெரிய பொண்ணு பொறந்த நாளு. நீங்கதான் அவசரத்துல கழட்டி, எழுதி மாட்டி வெச்சிருந்தீங்க. பரவாயில்லையே, நம்ம வழக்கத்த விடலையேன்னு அப்ப சந்தோஷப்பட்டேன்."

பெரிய வளையல் அளவுக்கு ஒரு வளையம். அதன் உள் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும், வெட்டிப் போட்ட நகம் போல, கருகிய ஒரு பிறை. மற்றப் பக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. சரியாக உட்கார்ந்த கேஸ்கெட்டின் உள் விளிம்பில் தீ படவே படாது. அடுப்பம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

சல்லடைத் தட்டு அதே அறையில்தான் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் ஓட்டைகள் வசதியாக இருந்ததால், ஃபிட்டர் அதைத் தன் மேஜையில் மெல்லிய டிரில் பிட்டுகளைச் செருகி வைக்கும் தாங்கியாக வைத்திருந்தார். வாராவாரம் எண்ணெய் வேறு போட்டுத் துடைத்திருந்தார். அடுப்பம்மா பிட்டுகளை எல்லாம் மேஜையில் கொட்டினார். "மேடம், மேடம், சைஸ் மாறிடும்!" என்று ஃபிட்டர் பதறினது அவர் காதில் ஏறவில்லை. வளையத்தைத் தட்டின்மேல் வைத்து, கருகல் எங்கே விழும் என்று பார்த்தார். ஓரத்து வரிசையில் ஏழு ஓட்டைகளைப் பாதிப் பாதியாக மூடிக்கொண்டிருந்தது கேஸ்கெட். மூடிய ஓட்டையில் வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில்தான் தீ உள்ளே நுழையும். அளந்து பார்த்தார். அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.

மூன்று முறை சோதித்தோமே என்று பதினொரு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறையும் அதே கேஸ்கெட், கழற்றாமல்.

"என்ன மேடம், உடம்பு சரியில்லையா?"

"ஃபிட்டர், இந்தத் தட்ட நாளைக்கு மாட்டணும். கேஸ்கெட்ட நீங்க வைங்க. நான் தொட மாட்டேன்."

சுத்தம் செய்து, கசிவு பார்த்து, வியாழக்கிழமை மதியம் ஓட்டினார்கள். அறுபது வந்தபோது அடுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சத்தமும் இல்லை. எழுபது, எண்பது, தொண்ணூறு. நூறில் நாற்பது நிமிடம் ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே எரியாதது போலத்தான் இருந்தது, வெப்பமானி மட்டும் சத்தியம் பண்ணியது. ஃபிட்டர் கை தட்டினார். அடுப்பம்மா தேம்பித் தேம்பி அழுதார். கூடம் பிழைத்தது என்ற சந்தோஷம் அதில் பாதிகூட இல்லை.

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். துறைத் தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "ரொம்ப சந்தோஷம்! குழுகிட்ட புது பர்னர்னு காட்டிடலாம். தட்டுல ரெண்டு ஓட்டைய மாத்தினா புது வடிவம்தானே? பழைய கட்டுரைய இப்ப ஏன் கிளறணும்? உங்க பேரே அதுலதான் நிக்குது. எல்லாம் முடியட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுப்பம்மா எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் சபலம் இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். பஸ்ஸில் வீடு வரும் வரை 'அடுத்த வருடம்' என்ற வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தார்.

கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "தப்பான பல்லப் பிடுங்கிட்டேன்னு வை. முதல்ல யார்கிட்ட சொல்லணும்? அசோசியேஷன்கிட்டயா?"

"பல்லு போனவர்கிட்ட."

"தெரியுதுல்ல? அப்புறம் என்ன?"

பதினாறு வயது மகள் பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, அப்ப நெட்டை மாமா திரும்ப வருவாரா?"

கூடம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். இந்தக் கேள்விக்கு 'வரமாட்டார்' என்று பதில் சொல்லிவிட்டு இந்த வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பாய்லர் கம்பெனியின் பட்டறைக்குப் போனார். ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. படுக்கப் போட்டிருந்த ஒரு பாய்லரின் வாயிலிருந்து இரண்டு நீளக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நெட்டை."

கால்கள் அசையவில்லை. உள்ளே டார்ச் வெளிச்சம் மட்டும் நின்றது.

"நான்தான். அடுப்பு."

"குரல் தெரியுது. என்ன வேணும்?"

"வெளிய வா. ஒண்ணு காட்டணும்."

"வேலையா இருக்கேன்."

அடுப்பம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த வரிசையிலும் நிற்கப் பொறுமை இல்லாதவர் முக்கால் மணி நேரம் அந்த வாளியைவிட்டு எழவில்லை. கடைசியில் நெட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் கேஸ்கெட்டை நீட்டினார்.

ஆயிரக்கணக்கான கேஸ்கெட்டைப் பார்த்துப் பழகிய கண். விளக்கம் தேவைப்படவில்லை. வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினான், அட்டையில் தேதியைப் படித்தான், கட்டை விரலால் அந்தக் கருப்புப் பிறையைத் தடவினான்.

"கழட்டிப் பாக்கலாம்னு கேட்டேன்."

"கேட்ட."

"ரெண்டு தடவ கேட்டேன்."

"இல்ல. மூணு தடவ."

அவன் கேஸ்கெட்டைக் கையில் உருட்டினான். பட்டறையில் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம் வந்து நின்றது.

"இப்ப ஓட்டிப் பாத்தியா?"

"வியாழக்கிழமை."

"எது வரைக்கும் போச்சு?"

"நூறு."

நெட்டை பாய்லரின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "ஃபிளாஷ்பேக் அடிக்கலையா?"

"இல்ல. நாப்பது நிமிஷம். சத்தம்கூட மாறல."

"பதினொரு வருஷம் அடுப்பு," என்றான். "எங்க தப்பு பண்ணேன் எங்க தப்பு பண்ணேன்னு அந்த ஓட்டைகள ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன். பாய்லருக்குள்ள போனாக்கூட அந்தக் கணக்குத்தான் ஓடும்."

"தப்பு என்னோடது. கட்டுரைய திரும்பப் பெறப் போறேன். காரணத்த எழுதி, உன் பேரோட. அத உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன். மன்னிச்சுடுன்னு கேக்கவும் வந்தேன். இருபதாம் தேதி குழு வருது. பத்து மணிக்கு. நீ வந்தா..."

"போ," என்றான் நெட்டை. "எனக்கு வேலை இருக்கு."

மறுபடி கால்கள் மட்டும் தெரிந்தன. அடுப்பம்மா எழுந்து நடந்தார். கேஸ்கெட்டை அவன் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் என்பது பஸ் ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டார். மகளிடம், "தெரியல கண்ணு. கேட்டுட்டு வந்திருக்கேன்," என்று மட்டும் சொன்னார்.

இருபதாம் தேதி குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவியாக வந்தவர் பெரிய எஞ்சின் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். அடுப்பம்மா திரையில் போட்ட முதல் படம் அந்தக் கருகிய கேஸ்கெட். துறைத் தலைவர் முகம் சுண்டிப்போனது. அடுப்பம்மா சப்பைக்கட்டு எதுவும் கட்டவில்லை. இது என் கை வைத்தது, அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது, கழற்றிப் பார்க்கச் சொன்னவர் பேச்சைக் கேட்கவில்லை, கட்டுரை தப்பு, இன்று ஓடப்போவது என் வடிவமும் இல்லை என்று வரிசையாகச் சொன்னார். வடிவத்துக்குச் சொந்தக்காரனின் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

"அப்ப உங்க பதினொரு வருஷ வேலை?" என்று கேட்டார் தலைவி அம்மாள்.

"அது எழுபது வரைக்கும் வந்துது மேடம். இது நூறு போகுது. எது வேணும்னு என்னையே கேட்டா, நான் இதத்தான் எடுப்பேன்."

எல்லோரும் எழுந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள். ஹைட்ரஜன் இன்னும் திறக்கவில்லை. ஃபிட்டர் வால்வுப் பக்கம் கையைக் கொண்டுபோன நேரம், கதவில் வெளிச்சம் மறைந்தது. தலையைக் குனிந்துகொண்டு நெட்டை உள்ளே வந்தான். பாய்லர் கம்பெனிச் சட்டையோடேயே வந்திருந்தான். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"கேஸ்கெட் யாரு வெச்சது?"

ஃபிட்டர் வாயைத் திறப்பதற்குள் அடுப்பம்மா, "நான்தான்," என்றார். அது உண்மை. இனித் தொடமாட்டேன் என்று சொன்னவர், அன்று காலையில் வேண்டுமென்றே தானே வைத்திருந்தார். இந்தப் பயத்தோடு மிச்ச காலத்தை ஓட்ட முடியாது என்று தோன்றியிருந்தது.

"கழட்டு. நான் பாக்கணும்."

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "சார், குழு காத்திட்டிருக்காங்க..." என்று இழுத்தார். தலைவி அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கழட்டட்டும். நானும் பாக்கறேன்."

அடுப்பம்மா ஸ்பானரை எடுத்தார். பன்னிரண்டு போல்ட். ஒன்று விடாமல் தானே கழற்றினார். நெட்டை மண்டியிட்டு, ஒரு பல் டாக்டர் போலவே, சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுச் சுற்றிலும் பார்த்தான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு கருவியை வைத்து நான்கு பக்கமும் அளந்தான்.

"சரியா இருக்கு," என்றான்.

பதினொரு வருடம் கழித்து அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அடுப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போல்ட்டுகளைப் பொறுக்கினார். இந்த முறை இருவருமாக எதிரெதிர்ப் பக்கம் நின்று முடுக்கினார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார்கள். ஃபிட்டர் ஹைட்ரஜனைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் கதவிலிருந்த துடைப்பத்தை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு நீளக் கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது.

"குடுங்க. அது என் வேலை."

துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நெட்டை குழாயோரமாக நடந்து போய்த் திரும்பி வந்தான். துடைப்பத்தில் ஒரு ஈர்க்குகூடக் கருகவில்லை. பர்னரைப் பற்ற வைத்தார்கள்.

அரை மணி நேரம் என்று கேட்டவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். குழுவில் ஒருவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தீயே தெரியலையே?" என்று மறுபடி மறுபடி கேட்டார். ஒவ்வொரு முறையும் நெட்டைதான் பொறுமையாக வெப்பமானியைக் காட்டினான். போகும்போது தலைவி அம்மாள் சாவியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த சோதனை எப்போது, அதற்கும் நான் வரலாமா என்று மட்டும் கேட்டார். துறைத் தலைவர் வெளியே வந்ததும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தானும் முதலிலிருந்தே நினைத்ததாகச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அடுப்பம்மா சோதனைக் குறிப்பேட்டைத் திறந்தார். 'கேஸ்கெட் வைத்தவர்' என்று ஒரு கட்டம் போட்டுக் கையெழுத்து வைத்தார். பக்கத்தில் 'கழற்றிப் பார்த்தவர்' என்று இன்னொரு கட்டம் போட்டு, நோட்டை நெட்டையின் பக்கம் தள்ளினார். அவன் படித்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய வளையத்தை எடுத்தான். ஃபிட்டரின் சுவரில் பாதி ஆணிகள் காலியாக நின்றன. எந்த ஆணி என்று அவன் யாரையும் கேட்கவில்லை. தேதி வரிசையைப் பார்த்துக்கொண்டே போய், மேல் வரிசையில் ஓர் ஆணியில் எட்டி மாட்டினான்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.

"ஒம்பது."

"கம்பெனில லீவு சொல்லணும்." கதவருகில் குனிந்தவன் அப்படியே நின்று திரும்பினான். "பாப்பா எப்படி இருக்கா? இப்பவும் கூரைய எட்டலையா?"

"அவளையே கேளேன்," என்றார் அடுப்பம்மா. "ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பா."